மூளைப் புரதத் திரட்சியில் இரத்தத்துக்கும் பங்கு உண்டு

அல்சைமர் நோயில் அமிலாய்டு-பீட்டா என்ற புரதம் திரள்வது மூளையின் உள்விவகாரம், குருதி-மூளைத் தடுப்பு இருப்பதால் இரத்தப் புரதங்களுக்கு அதில் வேலையே இல்லை என்ற கருத்து பரவலாக இருக்கிறது. ஆய்வுகள் அதற்கு இடம் தரவில்லை.

தடுப்பு முழுமையானது என்பதே முதல் பிழை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்வின் கோல்ட்மான் விலங்குகளின் இரத்தத்தில் டிரைபான் நீலச் சாயத்தைச் செலுத்தினார். உடலெங்கும் நீலம் ஏறியது, மூளையில் ஏறவில்லை. அச்சாயம் ஆல்புமின் என்ற இரத்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டுதான் இரத்தத்தில் செல்கிறது. ஆக, ஆல்புமின் பெரும்பாலும் உள்ளே போவதில்லை என்பதே அங்கு தெரிந்தது. ‘பெரும்பாலும்’ என்பதை மறந்துவிடக் கூடாது. ஆல்புமினை உண்டாக்குவது கல்லீரல். ஆயினும் மூளைத்தண்டுவட நீரில் அது எப்போதும் இருக்கிறது, இரத்தத்தில் உள்ளதில் ஏறத்தாழ 200-இல் ஒரு பங்காக. தடுப்பு கசிகிறதா என்று அறிய நரம்பியல் மருத்துவர்கள் பார்ப்பதும் இந்த விகிதத்தைத்தான்.

அவ்வளவு சொற்ப அளவு என்ன செய்துவிடும் என்பது அடுத்த வாதம். அந்த அளவை அமிலாய்டு-பீட்டாவோடுதான் ஒப்பிட வேண்டும். மூளைத்தண்டுவட நீரில் ஆல்புமின் சுமார் 3 மைக்ரோமோலார்; அமிலாய்டு-பீட்டாவோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. இந்த ஒப்பீட்டின் பொருள் ஆய்வகச் சோதனையில் தெரிகிறது. நாரிழைகளோடு சேர்ந்தால் ஒளிரும் தையோஃபிளேவின்-டி சாயம் கலந்த அமிலாய்டு-பீட்டா கரைசல் முதலில் நெடுநேரம் மங்கலாகவே இருக்கும். நாரிழைகள் உருவானதும் ஒளிர்வு விறுவிறுவென ஏறும். மைக்ரோமோலார் அளவு ஆல்புமினைச் சேர்த்தாலே அந்த மந்த நேரம் நீள்கிறது, நாரிழைகளும் குறைகின்றன.

இரத்தப் புரதம் நரம்பைச் சிதைத்ததற்கு நேரடிச் சான்றும் உண்டு. 1952-இல் கொரினோ ஆந்த்ராதே போர்த்துகலில் விவரித்த பரம்பரை நரம்பு நோயில், மரபணு மாற்றத்தால் திரிந்த டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் புற நரம்புகளில் படிகிறது. இரத்தத்தில் உள்ள அப்புரதம் ஏறக்குறைய முழுவதும் கல்லீரலிலிருந்தே வருவதால், 1990 முதல் கல்லீரல் மாற்று அறுவை இதற்குச் சிகிச்சையானது. வியப்பு என்னவென்றால், இதே டிரான்ஸ்தைரெட்டின் அமிலாய்டு-பீட்டா திரள்வதைத் தடுக்கவும் செய்கிறது. ஃபைப்ரினோஜன் என்ற இரத்தப் புரதம் வேறு வகை: அது அமிலாய்டு-பீட்டாவோடு சேர்ந்து எளிதில் கரையாத உறைவுகளை உண்டாக்குகிறது.

அப்படியானால் இரத்தத்தைச் சுத்திகரித்தால் அல்சைமர் தீருமா? அப்படிச் சொல்வதும் அவசரமே. பிளாஸ்மாவை அகற்றி ஆல்புமின் ஏற்றிய ஆம்பார் ஆய்வின் முடிவுகள் 2020-இல் வெளிவந்தன. நோய் நடுத்தர நிலையில் இருந்தவர்களிடம் சரிவு மட்டுப்பட்டது. தொடக்க நிலையினரிடம் அவ்வளவு தெளிவான பலன் இல்லை. அச்சிகிச்சையில் பிளாஸ்மாவின் பல புரதங்கள் ஒருசேர வெளியேறுவதால், கிடைத்த பலனை ஆல்புமின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது.