பெரியவருக்கும் ஒரு சீட்டு கொடுங்கள்

முதியோருக்கென்று அரசு இப்போது கொண்டுவரும் திட்டங்களில் பெரும்பாலானவை வாசலுக்கு வருபவை. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் 2021 ஆகஸ்டு 5 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டுக்கே வருகின்றன. 70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் 2025 ஆகஸ்டு 12 முதல் 'தாயுமானவர்' திட்டத்தில் ரேஷன் அரிசியும் வீட்டுக்கு வருகிறது. படுக்கையில் கிடப்பவருக்கு இவை பெரிய உதவி. குறை சொல்ல நான் எழுதவில்லை. ஆனால் எழுந்து நடமாட முடிகிற பெரியவருக்கு, வெளியே கிளம்ப இருந்த காரணங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே போகின்றன. ரேஷன் கடை வரிசையில் கால் கடுத்தது உண்மைதான். யார் வீட்டில் விசேஷம், யார் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், யார் ஒரு வாரமாகக் கண்ணில் படவில்லை என்பதெல்லாம் தெரிந்ததும் அந்த வரிசையில்தான்.

நான் அரசு டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து 2022-ல் ஓய்வு பெற்றவன். கள்ளக்குறிச்சி, தியாகதுருகம், ரிஷிவந்தியம் பக்கத்துத் தடங்களிலேயே என் காலம் போனது. முதுமையைப் பற்றி நான் படித்ததைவிட, படிக்கட்டுக்கு மேலே நின்று பார்த்ததுதான் அதிகம்.

பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் என்ற ஆணை 2021 மே 8-ல் நடைமுறைக்கு வந்தது. உடனே ஊரடங்கில் வண்டிகள் நின்றுவிட்டன. திரும்ப ஓடத் தொடங்கிய பிறகுதான் அதன் விளைவு எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. அதுவரை தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் பஸ் ஏறிய ஆயாக்கள் வாரத்துக்கு ஒருமுறை ஏறினார்கள். ஒருவர் முருங்கைக்கீரையைக் கட்டி எடுத்துக்கொண்டு வாரச்சந்தைக்கு வருவார். அதில் கிடைப்பது வெற்றிலை பாக்குச் செலவுக்குத்தான் காணும். "எதுக்கு ஆயா இந்த வெயில்ல?" என்று கேட்டால், "வூட்ல குந்திக்கினு யார் மூஞ்சப் பாக்கறது தம்பி?" என்பார். இன்னொருவர் விருகாவூரில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போவார். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் போயிருந்ததற்குச் சண்டை காரணமில்லை. பஸ் காசுதான் காரணம் என்று அவரே சொன்னார்.

இந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழு கணக்கிட்டது. மிச்சம் பெரிதுதான். ஆனால் பெண்களுக்கான திட்டம், வேலைக்குப் போகிறவர்களுக்கான திட்டம் என்றே இதைப் பற்றிப் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், அரசுக்கே தெரியாமல் அமைந்துபோன மிகச் சிறந்த முதியோர் நலத் திட்டம் இது. என்ன, பாதிப் பேருக்கு மட்டும்தான்.

மீதிப் பாதி ஆண்கள். என் பெரியப்பா மகனுக்கு 70 தாண்டிவிட்டது. அண்ணி உயிரோடு இருந்தவரை சந்தைக்கும் கோயிலுக்கும் இருவருமாக வந்துகொண்டிருந்தார்கள். இப்போது கழனிக்குப் பக்கத்தில் காட்டுக்கொட்டாயில் தனியாக இருக்கிறார். மகனுக்குத் திருப்பூரில் வேலை. வேலை பார்க்கும் மகன் இருப்பதால் 1,200 ரூபாய் முதியோர் ஓய்வூதியமும் இவருக்குக் கிடைக்கவில்லை. மகன் அனுப்பும் பணத்தில் போய்வர அறுபது ரூபாய் செலவு செய்து 'சும்மா' டவுனுக்குப் போவதா என்று யோசிக்கிறார். ஆஸ்பத்திரிக்கு என்றால் போவார். ஆளைப் பார்க்க மட்டும் போகமாட்டார். எங்கள் பக்கத்து ஆண்களுக்கு ஒரு காரியம் இருந்தால்தான் கால் நகரும்.

இதே அண்ணன் சென்னையில் குடியிருந்தால் நிலைமை வேறு. மாநகரப் பேருந்துகளில் 60 வயது நிறைந்த ஆண், பெண் எல்லோருக்கும் மாதம் 10 இலவசப் பயண டோக்கன்கள் 2016 முதல் தருகிறார்கள். தியாகதுருகத்துப் பெரியவருக்கு மட்டும் ஏன் இல்லை? சென்னையிலாவது மின்சார ரயில், மெட்ரோ என்று வேறு வழி உண்டு. இங்கே இருப்பது டவுன் பஸ் ஒன்றுதான். ரயிலிலும் மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தியவர்கள் இன்னும் திருப்பித் தரவில்லை.

பெரியவர்கள் பஸ் ஏறி வெளியே வந்துபோவதில் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே 2025-ல் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த ஒரு முதிய தம்பதி கொல்லப்பட்டார்கள். சில நாட்கள் கழித்துத்தான் விஷயம் வெளியே தெரிந்தது. அதன் பிறகு கேமரா, ரோந்து என்று நிறையப் பேசினார்கள். எல்லாம் வேண்டியதுதான். எனக்கு உறுத்தியது அந்தச் 'சில நாட்கள்'. காலை டிரிப்பில் வழக்கமாக ஏறுகிற ஒருவர் இரண்டு நாள் வரவில்லை என்றால் வண்டியிலேயே பேச்சு கிளம்பிவிடும். "ஆயாவக் காணோமே, யாராச்சும் போயி பாத்தீங்களா?" என்று இறங்கும்போது ஒருவர் சொல்லிவிட்டுப் போவார். வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்த ஒருவரை அப்படிப் போய்ப் பார்த்துத் தூக்கியதும் உண்டு. முதியோருக்கு 14567 என்ற உதவி எண் இருக்கிறது, நல்ல ஏற்பாடு. கீழே விழுந்து கிடப்பவர் கைக்கு போன் எட்ட வேண்டுமே!

தனிமை மனசு சம்பந்தப்பட்டது மட்டும் என்று நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025 ஜூனில் தந்த அறிக்கை, தனிமையோடு தொடர்புடைய இறப்புகள் ஆண்டுக்கு 8,71,000 என்கிறது. மணிக்குச் சுமார் 100 பேர். தமிழ்நாட்டில் 2021 கணக்குப்படி மக்கள்தொகையில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். நாட்டில் கேரளத்துக்கு அடுத்து நாம்தான்.

இலவசச் சீட்டு மட்டும் போதாது, அதுவும் எனக்குத் தெரியும். வண்டியில் பெரியவர்கள் விழுவது பெரும்பாலும் இறங்குகிற நேரத்தில்தான். 'வண்டி நின்ற பிறகு எழுந்திருங்கள்' என்று எழுதிப் போட்டிருப்போம். நின்ற பிறகு எழுந்தால், அவர் படிக்கட்டுக்கு வருவதற்குள் டைமிங் போகிறதென்று டிரைவர் முறைப்பார். அதனால் இரண்டு ஸ்டாப்புக்கு முன்பே எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பிரஷர் மாத்திரை போட்டவருக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும்; அந்த நேரம் பார்த்து பிரேக் போட்டால் முடிந்தது கதை. ஷெட்யூல் போடுகிறவர்கள் ஒரு டிரிப்புக்கு ஐந்து நிமிடம் கூட்டிக் கொடுத்தால் பல இடுப்பெலும்புகள் தப்பும். தாழ்தளப் பேருந்துகள் 2024-ல் சென்னைக்கு வந்துவிட்டன. எங்களுக்கு அவை வர நாளாகும். அதுவரை முதல் படிக்குக் கீழே இன்னொரு படி வைத்துக் கொடுத்தாலே போதும். பஸ் நிற்கும் இடங்களில் நிழலும், உட்கார ஒரு திண்ணையும், சுத்தமான கழிப்பறையும் வேண்டும். சர்க்கரைக்காரர்கள் பலர் வெளியே வரத் தயங்குவது இந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான். வெளியே சொல்ல வெட்கப்படுவார்கள்.

எங்கள் மாவட்டத்துக் கல்வராயன் மலையில் கதையே வேறு. கடுக்காய் மூட்டையைத் தலையில் வைத்து இறங்குகிற பாட்டிகளுக்கு நடை ஒரு பிரச்சினையே இல்லை. சாலையும் வண்டியும்தான் பிரச்சினை. மக்களின் வாழ்க்கை நிலையை 2024-ல் உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரிக்க வேண்டியிருந்த இடம் அது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

நஷ்டத்தில் ஓடுகிற போக்குவரத்துக் கழகத்துக்கு மேலும் சுமையா என்று கேட்பார்கள். கலெக்‌ஷன் குறைந்தால் கண்டக்டர் என்ன பாடு படுவார் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் காலை 10 மணிக்கு மேல் மாலை 4 மணி வரை டவுன் பஸ்களில் பாதி இருக்கை காலி. அந்த நேரத்தில் நான்கு பெரியவர்கள் ஏறினால் டீசல் ஒன்றும் கூடிவிடாது. அந்த நேரத்துக்கு மட்டும் என்று வரம்பு வைத்தாலும் சரி, சென்னை மாதிரி மாதம் 10 முறை என்றாலும் சரி, யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். வயதுக்கு ஆதார் அட்டை இருக்கிறது. பெண்களுக்குக் கொடுப்பதுபோல இவர்களுக்கும் ஒரு கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தால், கழகம் அரசிடம் ஈட்டுத்தொகை கேட்கவும் கணக்கு இருக்கும். சென்னைக்கு ஓர் உத்தரவு போட முடிந்தவர்களுக்கு, அதையே மற்ற மாவட்டங்களுக்கும் நீட்டிக்க இன்னொரு உத்தரவு போடுவதில் என்ன சிரமம் இருக்கிறது?