நீலத்துணியும் காப்பு வரியும்

அன்னியச் சரக்கின் மீது கடுந்தீர்வை விதித்துவிட்டால் ஆலைகளும் அவற்றை நம்பி ஜீவிப்போரும் சொந்த நாட்டிலேயே நிலைத்திருப்பார்கள் என்னும் வாதம் மீண்டும் ஓங்கி ஒலிக்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளின் மீதான வரியை 50 சதவிகிதமாக உயர்த்தியபோது எல்லோர் கவலையும் திருப்பூரின் பக்கம் சென்றது இயல்பே. ஆயினும், இவ்வாதத்தின் பலாபலனை எடைபோட விரும்புகிறவர் புதுச்சேரியின் நெல்லித்தோப்பிலிருந்து முதலியார்பேட்டை ரோடியர் பஞ்சாலை வரை ஒரு மாலைப்பொழுது நடந்து வந்தாலே போதும் என்பது நமது அபிப்பிராயம்.

புதுச்சேரியில் நெய்து நீலம் தோய்த்த 'கினே' துணி, பிரஞ்சு வியாபாரிகளின் கப்பல்களில் மேற்கு ஆப்பிரிக்காவின் செனெகலுக்குச் சென்று, அங்கே வேலம்பிசினுக்கு ஈடாக நாணயம் போலவே கைமாறிய காலம் ஒன்று உண்டு. ஐரோப்பிய ஆலைகள் அதைப் போன்ற மலிவுத்துணியைக் கொண்டுபோய்க் குவிக்கவே, 1877இல் பிரஞ்சு சர்க்கார் அன்னியக் கினேயின் மீது கூடுதல் தீர்வை விதித்தது. நம் தறிகளுக்கு அது அனுகூலமாகவே இருந்தது. அதை மறுப்பது நியாயமன்று. 1898இல் ரோடியர் ஆலையும் எழுந்தது. ஆனால் சலுகையின் பயன் யார் மடியில் விழுந்தது என்று கேட்டால், எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய பஞ்சாலைத் தொழிலாளரில் 12 பேர், 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியின் சவானா ஆலையில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானதே விடையாக நிற்கிறது. தீர்வை முதலாளியின் சந்தையைக் காத்தது. தொழிலாளியின் கூலியை அவன் தானே போராடித்தான் பெற வேண்டியிருந்தது.

1954 நவம்பர் முதல் தேதியன்று பிரஞ்சு ஆட்சி விலகியது. அதற்குப் பிந்திய பல பத்தாண்டுகள் இந்தியாவுக்குள் அன்னியத் துணி எளிதில் நுழைய முடியாதபடி கட்டுப்பாடுகள் இருந்தன என்பதை, காப்பு வரியின் பெருமை பேசுவோர் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். அந்தக் கோட்டைக்குள்ளேதான் நாட்டின் பெரிய பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக நலிந்தன. அவற்றை வீழ்த்தியது மான்செஸ்டர் அன்று. ஈரோட்டிலும் பிவண்டியிலும் குறைந்த கூலிக்கு இரவுபகலாக ஓடிய விசைத்தறி. பிரஞ்சுக் காலத்தில் ஊரைச் சுற்றிச் சுங்கச்சாவடி இருந்தது. இப்போது புதுச்சேரிக்கும் ஈரோட்டுக்கும் நடுவே எந்தச் சாவடியை எழுப்புவது? அரசே ஏற்று நடத்தியும் ரோடியர் ஆலை பிழைக்கவில்லை. பழைய இயந்திரங்களோடும் ஏறிய நஷ்டத்தோடும் 2020இல் மூடப்பட்டது.

அமெரிக்காவின் கதையும் வேறன்று. திருப்பூரை விட்டு நழுவும் ஆர்டர், அப்போது 20 சதவிகிதமே விதிக்கப்பட்டிருந்த வங்கதேசத்துக்கோ வியட்நாமுக்கோ போகுமேயன்றி, தையல் இயந்திரத்தின் முன் உட்கார ஆளில்லாத அமெரிக்க ஊர்களுக்குத் திரும்பிவிடாது.

காப்பு வரியே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. அது வாங்கித் தருவது அவகாசம் மட்டுமே. ஆகவே, டில்லியில் தீர்வை கேட்டு மனுவோடு நிற்கும் ஆலை அதிபர்களிடம், எத்தனை ஆண்டுகளுக்கு வேண்டும், அதற்குள் எந்தப் புதுத்தறியை இறக்குவீர்கள், எத்தனை பேருக்கு நிரந்தர வேலை தருவீர்கள் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே மந்திரிகள் பேனாவைத் திறக்க வேண்டும்.