ஒரு கண்ணு நல்லாத்தானே இருக்கு?

"ஒரு கண்ணு நல்லாத்தானே டாக்டர் தெரியுது?" தென்காசியில ஓபி பாக்குற எனக்கு ரொம்பக் கோபம் வர்ற வாக்கியம் இதுதான். சோம்பேறிக் கண் பத்தி ஒரு நீளமான த்ரெட். சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்காரங்க முழுசா படிச்சிருங்க.

முதல்ல பேரே தப்பு. கண்ணு சோம்பேறி இல்ல. அது படம் அனுப்புது, மூளை வாங்க மாட்டேங்குது. ரெண்டு கண்ணுக்கும் பவர் ரொம்ப வித்தியாசப்பட்டாலோ, மாறுகண், பிறவிக் கண்புரை இருந்தாலோ, மூளை தனக்குத் தோதான கண்ணை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததை ஒதுக்கிடும். முதல் ஏழெட்டு வருஷம் இப்படியே போயிட்டா, அப்புறம் எவ்வளவு விலையில கண்ணாடி வாங்கினாலும் அந்தக் கண் முழுசா தெளியுறது கஷ்டம்.

"மாறுகண்ணு அதிர்ஷ்டம்லா"ன்னு நம்ம ஊர் ஆச்சிமார் சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போகட்டும். அந்த அதிர்ஷ்டசாலியை உடனே கண் டாக்டர்கிட்ட காட்டிருங்க. நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், குற்றாலத்துல வாங்கின எண்ணெய்... எதையும் கண்ணுல ஊத்தாதீங்க.

மாறுகண்ணாவது வெளிய தெரியும். பவர் வித்தியாசம் தெரியவே தெரியாது. பிள்ளை ஓடும், டிவி பாக்கும், ஹோம்வொர்க் எழுதும், எல்லாம் ஒத்தக் கண்ணுலயே. அதுக்கு உலகமே அப்படித்தான், குறைன்னு எப்படிச் சொல்லும்? ஒவ்வொரு கண்ணா மூடிப் பாருங்க. உள்ளங்கையால மூடணும், விரல் இடுக்குல எட்டிப் பாத்துரும் (கில்லாடிங்க!). ஒரு கண்ணை மூடும்போது மட்டும் கையைத் தட்டிவிட்டா சந்தேகப்படணும். தட்டிவிடலைன்னாலும் 4 வயசுக்குள்ள ஒரு தடவை முறையான கண் பரிசோதனை வேணும்.

அரசாங்கத்துக்கும் ஒண்ணு சொல்லணும். மாணவர்களுக்கு இலவசக் கண்ணாடி தர்ற கண்ணொளி காப்போம் திட்டம் நல்ல திட்டம். ஆனா அது 6ஆம் வகுப்புல ஆரம்பிக்குது, அப்போ பிள்ளைக்கு 11 வயசு. கிட்டப்பார்வைக்கு சரி. சோம்பேறிக் கண்ணுக்கு, பஸ் போனப்புறம் ஸ்டாண்டுக்கு வந்த கதை. அங்கன்வாடிக்கு வர்ற மருத்துவக் குழு, எடையில இருந்து இதயம் வரைக்கும் எல்லாத்தையும் பாக்கணும். எல்கேஜியில சேரும்போதே ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியா சோதிக்கணும்னு கட்டாயமாக்குங்க. தடுப்பூசி கேக்குறோம்ல, அதே மாதிரி.

சிகிச்சை பெரிய வித்தை இல்ல. கண்ணாடி, தேவைப்பட்டா நல்ல கண்ணை மூடி மத்த கண்ணை வேலை வாங்குறது. நடுத்தர பாதிப்புக்கு தினம் 2 மணி நேரம் மூடினாலும் 6 மணி நேரம் மூடினாலும் ஒரே பலன்தான்னு 2003ல அமெரிக்க ஆய்வு வந்தாச்சு. பள்ளிக்கூடத்துல "ஒத்தக்கண்ணா"ன்னு கேலி வாங்கவே வேண்டாம், சாயங்காலம் வீட்டுல ஒட்டலாம். எத்தனை மணி நேரம்னு உங்க டாக்டர் சொல்லுவார், நீங்களா முடிவு பண்ணாதீங்க. "10 வயசாச்சு, இனி வேஸ்ட்"னு கைவிடுறதும் தப்பு. 2005 ஆய்வுல 7 முதல் 12 வயசுப் பிள்ளைங்கள்ல சுமார் பாதிப் பேருக்கு சார்ட்ல ரெண்டு வரியாவது கூடியிருக்கு.

வளர்ந்துட்டவங்களுக்கு: "ஒரு கண்ணு நல்லாத்தானே இருக்கு"ன்னா, உங்ககிட்ட இருக்கிறதே அந்த ஒண்ணுதான்! வெல்டிங், மரக்கடை, செங்கல் சூளை, வயல்னு எங்க வேலை பாத்தாலும், பவர் இல்லாட்டியும் பாலிகார்பனேட் லென்ஸ் கண்ணாடி போடுங்க. பிசான அறுப்புல நெல் தோகை பட்டு, பூஞ்சைப் புண் வந்து நல்ல கண்ணும் போறது கற்பனை இல்ல. கண்ணு சிவந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட வாங்க. மெடிக்கல் ஷாப்ல கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்து போட்டா சிவப்பு குறையும், உள்ள பூஞ்சை வளரும்.