பம்பிங் குறைந்தவருக்கு டி பாக்கெட் மருந்தல்ல

பதிவு நீளம்தான். நாற்பத்தைந்து நிமிட பீரியடு உட்கார்ந்து கேட்டவர்கள் நீங்கள், பத்து நிமிடம் படிக்க மாட்டீர்களா?

ஒரு வாரமாக நம் குடும்ப குரூப்பிலும் பழைய பத்தாம் வகுப்பு குரூப்பிலும் ஒரே ஃபார்வேர்டு சுற்றுகிறது. "ஹார்ட் பம்பிங் குறைவா? காரணம் வைட்டமின் டி பற்றாக்குறை! வாரம் ஒரு பாக்கெட் பாலில் கலந்து குடித்தால் இதயம் பழையபடி வேலை செய்யும். இதை மருந்து கம்பெனிகள் மறைக்கின்றன." கீழே கைகூப்பும் படம் நாற்பது. நன்றி சொன்னவர்களில் இன்ஜினியர்கள் இருக்கிறார்கள், பாங்க் மேனேஜர் இருக்கிறார், என்னிடம் அறிவியல் படித்து நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய இருவரும் இருக்கிறார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு கேள்வி. அந்த டி பாக்கெட்டை விற்பது யார்? அதுவும் மருந்து கம்பெனிதானே! மருந்து கம்பெனி மறைக்கிறது என்று சொல்லி மருந்து கம்பெனி சரக்கையே விற்கிற சாமர்த்தியத்தைக் கவனியுங்கள்.

இதயச் செயலிழப்பு வேறு, மாரடைப்பு வேறு. இதயம் உடம்புக்குத் தேவையான அளவு ரத்தத்தைத் தள்ள முடியாமல் தளர்ந்துபோவதுதான் செயலிழப்பு. நாம் "பம்பிங் கம்மி" என்கிறோம். கால் வீங்கும், மூச்சு வாங்கும், இரண்டு தலையணை வைத்தால்தான் படுக்க முடியும். இப்படிப்பட்டவர்களின் ரத்தத்தைச் சோதித்தால் வைட்டமின் டி குறைவாக இருப்பது உண்மை. ஃபார்வேர்டு எழுதியவர் அங்கிருந்து ஒரே தாவாகத் தாவி, "குறைவாக இருப்பதால்தான் நோய் வந்தது" என்கிறார்.

தலை நரைத்தவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வருகிறது. அதற்காகத் தலைக்கு மை பூசினால் மாரடைப்பு நின்றுவிடுமா?

மூச்சு வாங்குகிறவர் வெயிலில் நடக்க மாட்டார், வீட்டோடு இருப்பார். வைட்டமின் டி பெரும்பாலும் வெயில் பட்டுத் தோலில் உண்டாவது. வெயில் இல்லையென்றால் அது குறையத்தான் செய்யும். வயதும் உடல் பருமனும் சேர்ந்து அதை இன்னும் குறைக்கும். அதை உடம்பு பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்ற வேண்டிய சிறுநீரகமும் இந்த நோயில் தளர்ந்திருக்கும். ஆக, நோய் வந்ததால் டி குறைந்திருக்கலாம். எது முன், எது பின் என்று ஊகித்துச் சொல்ல முடியாது. கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரே மாதிரி நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் நிஜ மாத்திரை, மறு பக்கம் அதே தோற்றத்தில் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. இப்படிக் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள்.

ஜெர்மனியில் எவிட்டா என்ற ஆய்வு. முற்றிய இதயச் செயலிழப்பு உள்ள 400 பேர். எல்லோருக்கும் டி அளவு 30-க்குக் கீழே, அதாவது நம் ஊர் லேப்காரர்கள் சிவப்பு எழுத்தில் காட்டும் அதே எல்லைக்குக் கீழே. பாதிப் பேருக்குத் தினம் 4,000 யூனிட், மூன்று ஆண்டு. முடிவு 2017-இல் வந்தது. டி சாப்பிட்டவர்களில் இறந்தவர்கள் 39 பேர். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 36 பேர். ஓர் உயிரும் கூடுதலாகப் பிழைக்கவில்லை. அதோடு, இதயத்துக்குத் துணையாக இயந்திர பம்பு பொருத்த வேண்டி வந்தவர்கள் டி பக்கம் 28, மறுபக்கம் 15. இந்த இரண்டாவது கணக்கை வைத்து "டி விஷம்" என்று நான் சொல்ல மாட்டேன். அது ஆய்வின் முதன்மைக் கேள்வி அல்ல, எண்ணிக்கையும் சிறியது. ஆனால் "எடுத்தால் நல்லது, எடுக்காவிட்டாலும் கெட்டதில்லை" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் உரிமையை அது பறித்துவிடுகிறது.

எதிர்த்தரப்பின் சிறந்த சாட்சியையும் நானே கூப்பிடுகிறேன். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நடந்த விண்டிகேட் ஆய்வு, 2016. இருநூற்றுச் சொச்சம் நோயாளிகள், அதே 4,000 யூனிட், ஓராண்டு. எக்கோவில் பம்பிங் அளவு ஏறக்குறைய ஆறு புள்ளி கூடியது. பத்திரிகைகள் கொண்டாடின, ஃபார்வேர்டின் மூதாதை அங்கேதான் பிறந்திருக்க வேண்டும். ஆனால் ஆய்வு முதலில் கேட்ட கேள்வி, ஆறு நிமிடத்தில் நோயாளி எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பது. அந்தத் தூரம் கூடவில்லை. படத்தில் இதயம் தேறியது, மனிதர் ஓர் அடி கூடுதலாக நடக்கவில்லை. அடுத்த ஆண்டு வந்த, நீண்ட காலம் நடந்த எவிட்டாவில் உயிரும் காக்கப்படவில்லை.

சரி, நோய் வருமுன் காக்குமா? அமெரிக்காவில் வைட்டல் ஆய்வு, 25,871 பேர், தினம் 2,000 யூனிட், சராசரியாக ஐந்து ஆண்டுக்கு மேல். 2018-இல் முடிவு: மாரடைப்பு, பக்கவாதம் குறையவில்லை. இதயச் செயலிழப்புக்காக முதன்முறை மருத்துவமனையில் சேருவதும் குறையவில்லை என்று 2020-இல் தனியாக எழுதினார்கள். ஆஸ்திரேலியாவில் 60 வயது தாண்டிய 21,000 பேருக்கும் மேல், நம் ஊர் பாக்கெட்டில் இருக்கும் அதே 60,000 யூனிட், மாதம் ஒன்று, ஐந்து ஆண்டு. இறப்பு குறையவில்லை. மாரடைப்பு முதலியவை ஒரு துளி குறைந்தது போலத் தெரிந்தது, ஆனால் அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது.

இப்போது கணக்கு நோட்டை எடுங்கள். வாரம் ஒரு பாக்கெட் 60,000. ஏழால் வகுத்தால் நாளுக்கு 8,500-க்கும் மேல். எவிட்டா நோயாளிகள் சாப்பிட்டது நாளுக்கு 4,000. அதைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமாக, எந்தக் கண்காணிப்பும் இல்லாமல், நம் வீட்டுப் பெரியவர்கள் சாப்பிடுகிறார்கள். நம் நாட்டு ஐ.சி.எம்.ஆர். 2020-இல் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்த அளவு நாளுக்கு 600. அப்படியென்றால் ஒரு பாக்கெட் நூறு நாள் படி. பற்றாக்குறை நிரூபணமானவர்களுக்கு மருத்துவர்கள் பொதுவாக எட்டு வாரம் போல எழுதி நிறுத்துகிறார்கள். நம்மவர்களோ பழைய சீட்டையே நீட்டி ஆண்டுக்கணக்கில் வாங்குகிறார்கள்.

டி கொழுப்பில் கரைவது, மிஞ்சியது சிறுநீரில் போகாது, உடம்பில் தங்கும். மிதமிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், மனக்குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் வரும். இதய நோயாளிகள் சாப்பிடும் சில நீர் மாத்திரைகளும் கால்சியத்தை ஏற்றுபவை. டிகாக்சின் சாப்பிடுகிறவருக்குக் கால்சியம் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும் அபாயம் உண்டு.

ஆனால் என் கோபத்துக்குப் பெரிய காரணம் இதுவும் அல்ல. பாக்கெட் உள்ளே வரும்போது எது வெளியே போகிறது என்பதுதான்.

எனக்கு அண்ணன் முறையாகும் ஒருவர், பம்பிங் முப்பது சதவீதம். ஐந்து மாத்திரை எழுதியிருந்தார்கள். "எனக்குத்தான் சுகர் இல்லையே, ஏன் சுகர் மாத்திரை?" என்று ஒன்றை நிறுத்தினார். "பிரஷர் நார்மல்தானே" என்று இன்னொன்றை நிறுத்தினார். "நீர் மாத்திரை சாப்பிட்டால் பஸ்ஸில் போக முடியவில்லை" என்று மூன்றாவதையும் நிறுத்தினார். டி பாக்கெட் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறவில்லை. அண்ணி ஏலக்காய் போட்ட பாலில் கலந்து கொடுத்தார். "சத்து உள்ளே போகுதுல்ல" என்றார் என்னிடம். இரண்டே மாதம். கால் யானைக்கால் போல வீங்கி, மூச்சு முட்டி, இரவு ஆம்புலன்சில் போனார். தீவிர சிகிச்சையில் ஆறு நாள். இன்று நிறுத்திய மாத்திரைகளைத் திரும்பச் சாப்பிட்டு நடமாடுகிறார்.

அவர் நிறுத்தியவை எப்படிப்பட்டவை என்று பாருங்கள். ஸ்பைரோனோலாக்டோன் மலிவான பழைய நீர் மாத்திரை. 1999-இல் வந்த ரேல்ஸ் ஆய்வில், கடும் இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் வெறும் மாத்திரை சாப்பிட்ட நூறு பேரில் 46 பேர் இரண்டு ஆண்டில் இறந்தார்கள். இதைச் சாப்பிட்டவர்களில் 35 பேர். நூற்றுக்குப் பதினோரு உயிர்! அந்த "சுகர் மாத்திரை" டாபாகிளிஃப்ளோசின். 2019-இல் 4,744 பேரிடம் சோதித்தார்கள், அதில் பாதிக்கு மேல் சுகரே இல்லாதவர்கள். அவர்களுக்கும் நோய் முற்றுவதும் இறப்பும் குறைந்தன. பீட்டா பிளாக்கர் மாத்திரைகளுக்கும் இதே போன்ற சாட்சியம் உண்டு. எவிட்டாவின் 39-க்கு 36-ஐ இதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். உயிர் காக்கும் மாத்திரைக்கு ஆயிரம் சந்தேகம், ஒன்றும் செய்யாத பொடிக்கு ஏலக்காய்ப் பால்!

கமெண்டில் என்ன வரும் என்று தெரியும். இப்போதே பதில்.

"எங்கள் மாமா சாப்பிட்டு நன்றாக இருக்கிறாரே, சார்." மாமா மற்ற நான்கு மாத்திரைகளையும் சாப்பிடுகிறாரா? அப்படியானால் தேர் இழுத்தது அவை. டி தேர் மேல் உட்கார்ந்து வந்தது.

"நம் ஊரில் எல்லோருக்கும் டி குறைவு என்கிறார்களே." லேப் அச்சடிக்கும் 30 என்ற கோடு இறைவன் கிழித்ததல்ல. 20 இருந்தாலே ஏறக்குறைய எல்லோருக்கும் எலும்புக்குப் போதும் என்று அமெரிக்க மருத்துவக் கழகம் 2011-லேயே சொன்னது. 30 வேண்டும் என்று அதே ஆண்டு சொன்ன எண்டோகிரைன் சொசைட்டி, 2024-இல் அந்தக் கோட்டைக் கைவிட்டது. ஆரோக்கியமானவர்களுக்கு வழக்கமாக டி பரிசோதனை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது.

"அப்போது வைட்டமின் டி வேண்டவே வேண்டாமா?" யார் சொன்னது? குழந்தைகளின் கால் வளைந்துபோகும் ரிக்கெட்ஸ் நோயை ஒழித்த பெருமை அதற்கு உண்டு. எலும்பு மெலிந்தவர், உண்மையிலேயே மிகக் குறைவாக உள்ளவர், மருத்துவர் காரணம் சொல்லிக் கொடுத்தவர் தாராளமாகச் சாப்பிடட்டும். எலும்புக்கான மருந்தை இதயத்துக்கான மருந்து என்று விற்பதைத்தான் எதிர்க்கிறேன்.

"எங்கள் டாக்டரே எழுதினாரே." என் பதிவைப் பார்த்து நிறுத்தாதீர்கள். அடுத்த முறை போகும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: "இது எதற்கு? எத்தனை வாரம்?" நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஊருக்கு வரும்போது பெட்டியில் பெரிய டப்பா டப்பாவாக வைட்டமின் கொண்டுவந்து அடுக்குகிறீர்கள். பாசம் புரிகிறது. அந்தக் காசுக்கு ஓர் எடைக்கருவி வாங்கி வையுங்கள். பம்பிங் குறைந்தவர் தினம் காலையில் எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சதை அல்ல, நீர். அன்றே மருத்துவருக்குப் போன் செய்ய வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் தட்டிலிருந்து தள்ள வேண்டும். வீடியோ காலில் "சாப்பிட்டீங்களா அப்பா" என்பதோடு "இன்னிக்கு எடை எவ்வளவு? எல்லா மாத்திரையும் போட்டாச்சா?" என்றும் கேளுங்கள். அட்டையைக் கேமராவில் காட்டச் சொல்லி எண்ணுங்கள்.

அந்த ஃபார்வேர்டைக் குரூப்பில் போட்டவர்கள் அதே குரூப்பில் இதையும் போடுங்கள். வீட்டில் இதய நோயாளி இருந்தால் இன்றே மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். எது இருக்கிறது என்பதைவிட, சீட்டில் எழுதியதில் எது இல்லை என்று பாருங்கள்.