ஜீன்சும் ஜாதியும்

கரிசலில் பருத்தி எடுப்பவன் மகனுக்கு ஜீன்ஸ் எதற்காம் என்று கோவில்பட்டிப் பக்கத்துப் பெரிய மனிதர்கள் கேட்கிறார்கள். வேறு யாருக்காம்? அமெரிக்காவில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரர் ஒரு மரவெட்டிக்காகப் பை கிழியாதபடி செம்பாணி அறைந்து தைத்த கால்சட்டையிலிருந்து பிறந்ததல்லவா இவ்வுடுப்பு? 1873-ல் அதற்குப் பேடண்டும் கிடைத்தது. 2012-ல் தர்மபுரியில் ஆதிதிராவிடர் வீடுகள் கொளுத்தப்பட்டபின், ஜீன்ஸ் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்று ஒரு தலைவர் பேசினார். கொளுத்தினவனை விட்டுக் கால்சட்டையின்மீது பழி!

வாலிபத் தோழர்களே, தாராளமாய் அளவெடுத்துத் தைத்துக்கொள்ளுங்கள். சுருங்கும் துணியானால் முன்னதாக நனைத்து உலர்த்துங்கள். நீலச் சாயம் நூலின் மேலேயே நிற்பதால் துவைகல்லில் அடிக்காமல், உட்புறம் திருப்பிக் குளிர்ந்த நீரில் அலசி நிழலில் போடுங்கள். மீதித் துண்டைத் தையற்காரரிடம் கேட்டு வாங்குங்கள். முழங்காலுக்கு ஒட்டுப்போட உதவும்.