கண்ணாடிக்குள் கடல்

அழகிய பொருளைக் கண்ட அளவில் அதனைத் தம் இல்லத்தில் வைத்துப் பார்க்க விழைவது மக்கள் இயல்பு. பூவைக் கண்டவர் செடியை நாடுவர். கிளியைக் கண்டவர் கூட்டை நாடுவர். பவளப் பாறைகளின் இடையே மஞ்சளும் நீலமும் செம்மையுமாய்த் திரியும் மீன்களைக் கண்டவரோ, கடலையே ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் அடக்கிவிட முயல்வர். மின்னுதலால் மீன் என்னும் பெயர் வந்தது என்பர். வானத்தில் மின்னுவனவும் தமிழில் மீன்களே. அவை எட்டாத் தொலைவில் இருத்தலின் தப்பின. கடல்மீன் கைக்கு எட்டிய இடத்தில் இருத்தலின் அகப்பட்டுக்கொண்டது.

கடல்மீனை வீட்டில் வளர்த்தல் தவறு அன்று. எம்மீனை வளர்ப்பது என்னும் தேர்வைக் கண்ணிடம் மட்டும் ஒப்படைத்தலே தவறு. மீன் விற்கும் கடையிற் புகுந்தவர் நிறத்தைக் கண்டு மயங்குவர். விலையைக் கேட்டு மலைப்பர். பின்னர் எப்படியேனும் வாங்கி வருவர். அம்மீன் எங்கே பிறந்தது, என்ன உண்பது, எவ்வளவு வளர்வது என்று வினவுவோர் சிலரே. வினவாமல் வாங்கிய மீன் பெரும்பாலும் சில திங்களுக்குள் மாண்டுபோகிறது. மாண்டதற்கு நீரைக் குறை கூறி, மீண்டும் அதே மீனை வாங்க ஓடுவாரும் உளர்.

கடலை வீட்டிற்குக் கொணரும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டில் தழைத்தது. 1846-ஆம் ஆண்டில் அன்னா தைன் என்னும் அம்மையார், டார்க்கீக் கடற்கரையிற் கிடைத்த பவள உயிர்களை லண்டன் மாநகரில் இருந்த தம் இல்லத்திற்குக் கொண்டுசென்றார். நீருக்குள் காற்றைச் செலுத்தும் மின்பொறி அக்காலத்தில் இல்லை. ஆதலின் பணிப்பெண் ஒருத்தி திறந்த பலகணியின் முன் நின்று, அந்நீரை ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்திற்கு நாள்தோறும் நெடுநேரம் ஊற்றி ஊற்றிக் காற்றுக் கலக்கச் செய்தாள். பவளம் பிழைத்தது. அது பிழைத்ததில் அப்பெண்ணின் தோள்வலிக்கும் பங்கு உண்டு.

பின்னர் 1854-இல் பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கை அறிஞர், கடல் உயிர்களைத் தொட்டியில் வளர்க்கும் முறையை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். நூல் பெரும் புகழ் பெற்றது. படித்தவர் பலரும் கூடையும் வாளியும் ஏந்திக் கடற்கரைக்கு விரைந்தனர். பாறைகளின் இடையே தெளிந்த நீர்க்குட்டைகளில் வாழ்ந்த உயிர்களை வாரிச் சென்றனர். அக்குட்டைகள் வெறுமையுற்றதைக் கண்டு, காஸ் பெருமகனார் பின்னாளில் வருந்தினார் என்பதனை, அவர்தம் மைந்தர் எட்மண்ட் காஸ் 1907-இல் வெளியிட்ட நூலில் எழுதியுள்ளார். கடலுயிரின் மேல் உண்மையான அன்பு கொண்டிருந்த ஒருவர் எழுதிய நூலே அதற்குக் கேடு சூழ்ந்தது! அன்பு இருந்தது, அதனை வழிநடத்தும் தேர்வு பலரிடத்தில் இல்லை.

மீனைத் தேர்வதற்கு முன் நீரை அறிதல் வேண்டும். கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. அடுக்களை உப்பை மட்டும் கரைத்தால் அது கடல்நீர் ஆகாது; மெக்னீசியம், கால்சியம் முதலியனவும் உரிய அளவிற் கலந்திருத்தல் வேண்டும். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆதலின் குறைந்த நீருக்கு ஈடாக நன்னீரையே ஊற்றுதல் வேண்டும். உவர்நீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் தொட்டி நாளடைவில் உப்பளமாகிவிடும். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு தோன்றுகிறது. அதனைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றும் நுண்ணுயிர்கள் புதிய தொட்டியிற் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு கிழமைகள் ஆகும். அதுவரை மீன் விடாது பொறுத்திருத்தலே முறை. சிலரோ, விலை மலிந்த சிறு மீன் ஒன்றை முதலில் விட்டு, அது பிழைக்கிறதா என்று பார்க்கின்றனர். சிறிதளவு மீன் உணவை நீரில் இட்டு அழுகவிட்டாலே அந்நுண்ணுயிர்கள் பெருகத் தொடங்கும். அவ்வாறிருக்க, உயிருள்ள மீனை நஞ்சில் நிறுத்திச் சோதிப்பது கொடுமை. மலிவான உயிர் என்று ஒன்று உண்டோ?

இனித் தேர்வுக்கு வருவோர், மாணவர் பலரும் திரைப்படத்திற் கண்டறிந்த இரண்டு மீன்களை ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. ஒன்று, செம்மஞ்சள் மேனியில் வெண்பட்டை பூண்ட கோமாளி மீன். 2003-இல் வெளிவந்த அமெரிக்கச் சித்திரப்படத்தின் தலைவன் இதுவே. மற்றொன்று, அப்படத்தில் அதற்குத் துணையாக வரும் நீல மீன். வாலின் அடியிற் கத்தி போன்ற முள் உடைமையால் அறுவை மீன் என்னும் இனத்தைச் சார்ந்தது. கடையில் இரண்டும் கட்டைவிரல் அளவே இருக்கும். இரண்டும் ஒருங்கே கண்ணைப் பறிக்கும். கோமாளி மீன் வளர்ந்தாலும் நான்கு விரற்கிடை அளவே ஆகும். கடலில் அது தான் தங்கும் கடற்சாமந்தியை விட்டு நெடுந்தொலைவு போவதில்லை. ஆதலின் நூறு லிட்டர் நீர் அதற்குப் போதும். கடற்சாமந்தி இல்லாவிடினும் தொட்டியில் அது நலமாக வாழும். கடற்சாமந்தியைப் பிழைப்பிப்பது மீனைப் பிழைப்பிப்பதினும் அரிது என்பதைக் கடைக்காரர் பலர் எடுத்துரைப்பதில்லை. நீல மீனோ 30 சென்டிமீட்டர் வரை வளர்வது. பாறை நெடுகிலும் நாள் முழுதும் நீந்தித் திரிவது அதன் வாழ்க்கை. பல நூறு லிட்டர் கொள்ளும் நீண்ட தொட்டி இல்லாதவர் அதனை வாங்குதல், ஓடும் குதிரையைத் திண்ணையிற் கட்டுதல் போன்றது. ஆகவே, நடுத்தரக் குடும்பத்து வீட்டிற்கு முன்னது தகும், பின்னது தகாது.

உணவை ஆராயாது வாங்குவதால் விளையும் கேடு இதனினும் பெரிது. பவளப் பாறைகளில் துப்புரவு மீன் என்னும் ஒரு சிறு மீன் உண்டு. நீல மேனியில் கரிய கோடு ஓடும் அம்மீன், பாறையின் ஒரு புறத்தில் கடை விரித்தாற்போலக் காத்திருக்கும். களவா முதலிய பெருமீன்கள் அங்கு வந்து வாயையும் செவுளையும் திறந்து நிற்கும். துப்புரவு மீன் அச்சமின்றி உட்புகுந்து, அவற்றின் மேனியைப் பற்றிய ஒட்டுண்ணிகளைத் தின்று வெளிவரும். கண்ணாடியில் தன் உருவத்தைத் தானே அறிந்துகொள்ளும் ஆற்றல் இதற்கு உண்டு என்று 2019-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. இத்துணை அறிவுடைய மீன், மூன்று நான்கு மீன்கள் மட்டும் வாழும் வீட்டுத் தொட்டியில் என்ன உண்ணும்? வந்து நிற்கும் பெருமீன் இல்லை, ஒட்டுண்ணியும் இல்லை. பலவும் பட்டினியால் மடிகின்றன. கடலிலிருந்து அதனை அகற்றியதால் அங்குள்ள மீன்களும் மருத்துவரை இழக்கின்றன. இத்தொழிலைச் செய்யும் மீனை வீட்டிற் காண விழைவோர், பண்ணையிற் பிறந்து பலவகை உணவும் உண்ணும் நியான் உளுவையைத் தேடிப் பெறலாம்.

மாண்டரின் மீனின் நிலையும் இத்தகையதே. பட்டாடையில் ஓவியம் தீட்டினாற் போன்ற அதன் அழகிற்கு ஈடு சொல்வது அரிது. ஆயினும் அது பகல் முழுதும் பாறை இடுக்குகளில் கண்ணுக்குத் தெரியாச் சிற்றுயிர்களைக் கொத்திக் கொத்தித் தின்று வாழ்வது. தூவும் உணவை அவற்றுட் பெரும்பாலானவை ஏறெடுத்தும் பாரா. வண்ணத்துப்பூச்சி மீன்களுள் சில வகைகள் உயிருள்ள பவளத்தையன்றி வேறொன்றையும் உண்பதில்லை. இவற்றை வாங்குவோர் மீனை வாங்குகின்றிலர்; அதன் பட்டினியை விலைகொடுத்து வாங்குகின்றனர்.

பிறப்பிடம் பற்றிய வினாவே எல்லாவற்றினும் தலையாயது. வீடுகளில் வளரும் நன்னீர் வண்ணமீன்களுள் பெரும்பாலானவை பண்ணைகளிற் பிறந்தவை. கடல்மீன்களுள் பெரும்பாலானவையோ கடலிற் பிடிக்கப்பட்டவை. பிடிக்கும் முறை எங்கும் ஒன்றாக இல்லை. கைவலையால் ஒவ்வொன்றாய்ப் பிடிப்போர் உளர். சோடியம் சயனைடு என்னும் கொடிய நஞ்சைக் கரைத்துப் பாறை இடுக்கிற் பீச்சி, மயங்கி வெளிவரும் மீனை அள்ளுவோரும் உளர். பிலிப்பைன்சுத் தீவுகளில் 1960-களில் தொடங்கிய இக்கொடுமை பின்னர் அண்டை நாடுகளுக்கும் பரவியது. நஞ்சு பட்ட மீன்களுட் பல அங்கேயே மடிகின்றன. பிழைத்தவற்றுள்ளும் பல கடைக்கு வந்தபின் மடிகின்றன. அந்நஞ்சு பவளத்தையும் கொல்கிறது.

பிடிப்பதை நிறுத்திவிட்டால் கடற்கரை ஏழை மக்களின் பிழைப்பு என்னாகும் என்று கேட்போர் உளர். அக்கேள்வியைப் புறந்தள்ளுதல் ஆகாது. பெருகிக் கிடக்கும் இனத்திலிருந்து கைவலை கொண்டு அளவோடு எடுக்கும் மீனவர்க்கு, அப்பாறை உயிரோடு இருப்பதே முதல். அதனைக் காக்க அவரினும் மிக்கார் இலர். ஆனால், கடைத்தொட்டியில் நிற்கும் மீனின் மேனியில் வலை என்றோ நஞ்சு என்றோ எழுதப்பட்டிருப்பதில்லை. விற்பவர் விடை கூற இயலாதபோது, வாங்குபவர் வெறுங்கையோடு திரும்புதலே நேர்மை.

இந்தோனேசியாவில் பங்காய் என்னும் சிறு தீவுக்கூட்டம் உள்ளது. வெள்ளியில் கருவரி இழைத்தாற் போன்ற ஒரு மீன் அங்குதான் இயல்பாக வாழ்கிறது. ஆண்மீன் முட்டைகளைத் தன் வாயினுள்ளே வைத்துக் காக்கும். குஞ்சு பொரித்த பின்னும் சில நாட்கள் வாயிலேயே வைத்திருக்கும். அந்நாட்களில் உணவை நாடாது. இக்குஞ்சுகள் பிற கடல்மீன் குஞ்சுகள் போல அலையில் மிதந்து வேற்றிடம் செல்வன அல்ல. பிறந்த இடத்திலேயே தங்குவன. ஆதலின் ஓரிடத்தில் வாரி எடுத்தால், அவ்விடத்தில் மீண்டும் பெருகுதல் அரிது. 1990-களில் இதன் அழகை உலகம் அறிந்தது. அறிந்தபின் பிடிப்பதற்கு அளவில்லாமற் போயிற்று. 2007-இல் இது அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. வியப்பு யாதெனின், கடல்மீன்களுள் தொட்டியிற் குஞ்சு பொரிப்பதற்கு மிக எளிதானவற்றுள் இதுவும் ஒன்று. வளர்த்துப் பெறக்கூடியதை வாரி எடுத்து அழித்தனர்.

எல்லா மீனும் இவ்வாறு எளிதில் இனம் பெருக்குவன அல்ல. மேலே கூறிய நீல மீனைப் பண்ணையில் வளர்த்தெடுக்க ஃபுளோரிடாப் பல்கலைக்கழக ஆய்வாளர்க்கு 2016-இல்தான் முதன்முறையாக இயன்றது. கோமாளி மீனோ 1970-களிலேயே பண்ணைக்கு வந்துவிட்டது. தமிழ்நாட்டிலும் மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தாரும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்த்துள்ளனர். பண்ணையிற் பிறந்த மீன் தூவும் உணவை உண்ணப் பழகியது. கண்ணாடிச் சுவரைக் கண்டு மருளாதது. சற்று விலை மிகுதியெனினும் அதனையே வாங்குதல் தகும்.

மன்னார் வளைகுடாவின் கரையில் வாழும் மாணவர் ஒன்றை மறத்தல் ஆகாது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே உள்ள 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகின்றன. கடற்குதிரையும் பவளமும் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன. கரை ஒதுங்கிய கடற்குதிரை என்று சொல்லி அதனைத் தொட்டியில் இடுதலும் குற்றமே.

வளர்க்க இயலாத மீனைக் கடலில் விட்டுவிடுதல் அறம் என்று கருதுவார் உண்டு. அம்மீனுக்கு அஃது எந்தக் கடல் என்று அவர் எண்ணுவதில்லை. நச்சு முட்களைச் சிறகுபோல் விரிக்கும் சிங்கமீன், இந்தியப் பெருங்கடலுக்கும் பசிபிக் பெருங்கடலுக்கும் உரியது. 1985-இல் அது ஃபுளோரிடாக் கரையிற் காணப்பட்டது. வீட்டுத் தொட்டிகளிலிருந்து விடப்பட்டதே காரணம் என்பது அறிஞர் கருத்து. அங்கு அதனைத் தின்று அடக்கும் பகை அரிதாகலின் கரீபியன் கடலெங்கும் பரவிச் சிறு மீன்களைத் தின்று குவித்தது. வளர்க்க இயலாத மீனை வாங்கிய கடையிலோ, வளர்க்கவல்ல மற்றொருவரிடமோ ஒப்படைத்தலே தக்கது.

பொறுமையும் அளவும் உடைய ஒருவர் வீட்டில், பண்ணையிற் பிறந்த கோமாளி மீன்கள் இரண்டு இருக்குமாயின், அவை பத்தாண்டிற்கு மேலும் வாழும். இரண்டனுள் பெரியது பெண்ணாக மாறும். சிறியது ஆணாக நிற்கும். பெண் இறந்துபட்டால் ஆணே பின்னர்ப் பெண்ணாகும். ஒருநாள் இரண்டும் கூடி, தொட்டியிற் கிடக்கும் ஓட்டுத்துண்டு ஒன்றை வாயாற் கொத்தித் தூய்மை செய்யும். அதன்மேற் செம்மஞ்சள் முட்டைகள் தோன்றும். தந்தை மீன் அவற்றின் அருகிலேயே நின்று, செட்டைகளால் நீரை விசிறிக்கொண்டிருக்கும். கெட்ட முட்டையைக் கண்டால் வாயால் எடுத்து அகற்றும். கண்ணாடி அருகே விரல் வந்தால் பாய்ந்து வரும். நாள் ஏற ஏற முட்டைகளுக்குள் வெள்ளிய கண்கள் தெரியும். ஏழெட்டு நாட்களின் பின், விளக்கு அணைந்து இருள் சூழ்ந்த பொழுதில், குஞ்சுகள் வெளிப்படும்.