டில்லியில் 52.9 டிகிரி வெயிலா? சூட்டை அளப்பது எப்படி?

52.9 டிகிரி!

2024-ம் ஆண்டு மே மாதம் 29-ந் தேதி டில்லியில் இருந்து இந்தச் செய்தி வந்தது. டில்லியின் ஓரத்தில் உள்ள முங்கேஷ்பூர் என்ற இடத்தில், தானாக இயங்கும் வானிலைக் கருவி ஒன்று இந்த எண்ணைக் காட்டியது.

செய்தி கேட்டவர்கள் திடுக்கிட்டார்கள். அதற்கு முன்பு இந்தியாவில் பதிவான மிக அதிக வெப்பம் 51 டிகிரி. 2016-ம் ஆண்டில், ராஜஸ்தானில் உள்ள பலோடி என்ற ஊரில் அது பதிவாகி இருந்தது. பாலைவன ஊரையும் டில்லி மிஞ்சிவிட்டதா?

வானிலை அதிகாரிகளுக்குச் சந்தேகம் வந்தது. அன்று டில்லியின் மற்ற இடங்களில் 45.2 முதல் 49.1 டிகிரி வரைதான் இருந்தது. ஓர் இடத்தில் மட்டும் 52.9 எப்படி வரும்? கருவியைச் சோதித்தார்கள். உண்மை தெரிந்தது. அது சுமார் 3 டிகிரி கூட்டிக் காட்டியிருக்கிறது!

"3 டிகிரிதானே, அதனால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். அதனால் என்ன என்பதைப் பார்ப்போம். அதற்கு முன்பு, டிகிரி என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

கையை நம்பலாமா?

மார்கழி மாத விடியற்காலையில் பித்தளைச் செம்பைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருக்கும். பக்கத்தில் கிடக்கும் மரப்பலகையைத் தொட்டுப் பாருங்கள். அவ்வளவு குளிர்ச்சி தெரியாது. ஆனால், இரவு முழுவதும் ஒரே இடத்தில் கிடந்த அந்த இரண்டும் ஒரே அளவு குளிர்ச்சிதான்! பித்தளை, கையில் உள்ள சூட்டை விரைவாக இழுத்துக்கொள்கிறது. மரம் மெதுவாக இழுக்கிறது. கை ஏமாந்துபோகிறது.

அதனால்தான் கருவி தேவைப்பட்டது.

எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய துகள்களால் ஆனது. அந்தத் துகள்கள் சும்மா இருப்பது இல்லை. ஆடிக்கொண்டும் ஓடிக்கொண்டும் இருக்கின்றன. ஆட்டம் வேகமானால் பொருள் சூடாகிறது. ஆட்டம் அடங்கினால் குளிர்கிறது. துகள்கள் எவ்வளவு வேகமாக ஆடுகின்றன என்பதைக் காட்டுவதே வெப்பநிலை.

வெப்பநிலை வேறு, வெப்பத்தின் மொத்த அளவு வேறு. கம்பி மத்தாப்பில் இருந்து பறக்கும் பொறியின் வெப்பநிலை, கொதிக்கும் தண்ணீரைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் ஒரு பொறி கையில் பட்டால் பெரிய காயம் ஏற்படுவது இல்லை. ஒரு செம்பு கொதிநீர் பட்டால் தோல் வெந்துவிடும். பொறி மிகச் சிறியது. அதில் உள்ள வெப்பமும் கொஞ்சம்தான்.

ஊருக்கு ஒரு படி

ஊருக்கு ஒரு படி இருந்தால் நெல் வியாபாரம் நடக்குமா? சண்டைதான் வரும். வெப்பத்தை அளப்பதற்கும் எல்லோருக்கும் பொதுவான படி வேண்டும்.

சுவீடன் நாட்டு விஞ்ஞானி செல்சியஸ், 1742-ம் ஆண்டில் ஓர் அளவை வெளியிட்டார். ஐஸ் உருகும் நிலை ஓர் எல்லை. தண்ணீர் கொதிக்கும் நிலை மற்றோர் எல்லை. இடையே 100 பங்கு. வேடிக்கை என்னவென்றால், அவர் கொதிநிலையை 0 என்றும், உருகுநிலையை 100 என்றும் வைத்தார்! பிற்பாடு அதைத் தலைகீழாக மாற்றினார்கள். நாம் இன்று பயன்படுத்துவது அந்த மாற்றிய அளவுதான்.

1848-ம் ஆண்டில் வில்லியம் தாம்சன் என்ற விஞ்ஞானி வேறு விதமாக யோசித்தார். கெல்வின் பிரபு என்று பிற்காலத்தில் புகழ்பெற்றவர் இவர்தான். "இதற்குக் கீழே குளிர்ச்சியே இல்லை" என்ற இடத்தில் இருந்து எண்ணத் தொடங்கலாம் என்றார். அந்த இடம், பூஜ்யத்துக்குக் கீழே 273.15 டிகிரி செல்சியஸ். அங்கிருந்து எண்ணும் அளவுக்குக் கெல்வின் என்று பெயர்.

1954-ம் ஆண்டு முதல், இந்தப் படிக்குத் தண்ணீரே சாட்சியாக இருந்தது. ஐஸ், தண்ணீர், நீராவி மூன்றும் ஒன்றாக இருக்கும் நிலையை 273.16 கெல்வின் என்று வைத்திருந்தார்கள். ஆனால் உலகத்தில் உள்ள தண்ணீர் எல்லாம் துல்லியமாக ஒரே மாதிரி இல்லை.

எனவே, 2018-ம் ஆண்டு நவம்பரில் பல நாட்டுப் பிரதிநிதிகள் பிரான்சில் கூடி ஒரு முடிவு எடுத்தார்கள். ஒரு டிகிரி சூடு கூடினால், துகள்களின் ஆட்டத்தில் எவ்வளவு சக்தி கூடுகிறது? இதைச் சொல்லும் ஓர் எண் உண்டு. அதற்குப் போல்ட்ஸ்மான் மாறிலி என்று பெயர். அந்த எண்ணை நிலையாக வைத்து, அதைக்கொண்டே கெல்வினை வகுத்தார்கள். 2019-ம் ஆண்டு மே 20-ந் தேதி இது அமலுக்கு வந்தது. வீட்டில் உள்ள தர்மாமீட்டரில் எந்த மாற்றமும் இல்லை. படிக்கு அடிப்படைதான் மாறியது.

வெயிலில் வைத்தால் தப்பு!

படி சரியாக இருந்தால் மட்டும் போதுமா? அளப்பவரும் சரியாக அளக்க வேண்டும்.

வானிலை நிலையத்தில் தர்மாமீட்டரை வெயிலில் வைப்பது இல்லை. வைத்தால் அது காற்றின் சூட்டைக் காட்டாது; தானே காய்ந்து தன் சூட்டைக் காட்டும். வெள்ளை வர்ணம் பூசிய மரக்கூண்டுக்குள், தரையில் இருந்து ஏறக்குறைய ஆள் உயரத்தில் அதை வைப்பார்கள். கூண்டில் காற்று புகும். வெயில் நேராகப் படாது.

இவ்வளவு கவனம் இருந்தும் தவறு நேரலாம். 1922-ம் ஆண்டில், லிபியா நாட்டில் 58 டிகிரி வெப்பம் பதிவானதாக எழுதினார்கள். அதுவே உலக சாதனை என்று 90 ஆண்டுகள் புத்தகங்களில் அச்சாகி வந்தது. 2012-ம் ஆண்டில் உலக வானிலை அமைப்பு அதை ரத்து செய்தது. புதிதாக வேலைக்கு வந்தவர் கருவியைத் தவறாகப் படித்து, சுமார் 7 டிகிரி கூட்டி எழுதியிருக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள்.

3 டிகிரியில் என்ன இருக்கிறது?

இப்போது டில்லிக்கு வருவோம்.

சமவெளியில் 45 டிகிரியைத் தொட்டால், அதை வெப்ப அலை என்கிறது இந்திய வானிலைத் துறை. 47 டிகிரியைத் தொட்டால் கடும் வெப்ப அலை. வழக்கத்தைவிட எவ்வளவு கூடுதல் என்பதையும் பார்ப்பார்கள். ஆனாலும் 44-க்கும் 47-க்கும் இடையே இருப்பது 3 டிகிரிதான்!

கருவி 3 டிகிரி குறைத்துக் காட்டினால் என்ன ஆகும்? எச்சரிக்கை வராமல் போகலாம். சித்தாள் உச்சி வெயிலில் கல் சுமப்பார். ரிக்‌ஷா ஓட்டுபவர் வண்டியை நிறுத்தமாட்டார். கூட்டிக் காட்டினால்? பிறகு திருத்தம் வரும். "இவர்கள் சொல்வதே இப்படித்தான்" என்று ஜனங்கள் அலட்சியமாக இருந்துவிடுவார்கள். மறுநாள் உண்மையான எச்சரிக்கை வந்தாலும் காதில் ஏறாது. இரண்டுமே ஆபத்து.

ஒரு கருவி தவறியதால், "வெயிலே ஏறவில்லை, எல்லாம் கட்டுக்கதை" என்று சொல்வதும் தவறு. 3 டிகிரியைக் கழித்தாலும் முங்கேஷ்பூரில் ஏறக்குறைய 50 டிகிரி! உலகம் சூடேறுவதை ஒரு கருவியைக் கொண்டு யாரும் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான நிலையங்களும், கப்பல்களும், கடலில் மிதக்கும் கருவிகளும் தரும் கணக்கைச் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். அந்தக் கணக்கின்படி, அதுவரை பதிவான ஆண்டுகளில் மிகச் சூடான ஆண்டு 2024.

முங்கேஷ்பூர் தவறு வெளியே வந்தது நல்லதே. பக்கத்து நிலையங்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் அது தெரிந்தது. நிலையங்கள் குறைவாக உள்ள வட்டாரத்தில் இப்படி ஒரு தவறு நடந்தால் யார் கண்டுபிடிப்பார்கள்? நாட்டின் வெப்ப அளவுக்கு மூலப்படி, டில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. கோடை பிறக்கும் முன்பே ஒவ்வொரு கருவியையும் சரியான படியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும். வெயிலில் வேலை செய்கிறவர்களின் உயிர் அந்த எண்ணை நம்பி இருக்கிறது.